நாற்பத்தொன்றாவது சொல்

நீலசந்திரா, பெங்களூர்
29.6.2025, ஞாயிறு

அன்புள்ள யசோதரா,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. இந்தப் பத்தி முடியும்வரைக்குமாவது படி.

நான்கு முறை போன் செய்தேன். நான் கூப்பிடுவது அப்பாவின் போனிலிருந்துதானே, அந்த நம்பரைப் பார்த்தால் உங்கள் வீட்டில் யாரும் எடுக்க மாட்டார்கள் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. விவேக் நகர் லாயிட் அங்கிளிடம் சொன்னேன். யாருக்கோ ஆதார் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டே, "லெட்டர் போடும்மா. லெட்டரை யாரும் பிளாக் பண்ண முடியாது" என்றார். நீ பதில் எழுதினால் அவர் கடை விலாசத்துக்கே எழுது. வீட்டுக்கு வந்தால் அப்பா பார்ப்பார்.

உன் அப்பா போய் இன்றோடு மூன்று வாரம். அன்றும் ஞாயிறுதான். என் அப்பா மத்தியானம் வந்தபோது சட்டை, பேன்ட் எல்லாம் கறுப்பாக இருந்தன. வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். "ஜெயவேலு தொட்டியில போயிட்டான்" என்று மட்டும் சொன்னார். நம் அப்பாக்கள் வேலை பார்க்கும் அபார்ட்மென்டின் பதினோரு மாடிக் கழிவுநீரும் போய்ச் சேரும் தொட்டியைத்தான் சொல்கிறார் என்று தெரியும். ஆனாலும் அவர் சொன்னது உடனே எனக்குப் பிடிபடவில்லை. அம்மா வாளி வாளியாக அவர் தலையில் தண்ணீர் ஊற்றினாள். ஊற்ற ஊற்ற நாற்றம் அதிகமானது. உன் அப்பாவைக் கயிறு கட்டி மேலே இழுத்தது அவர்தான். இழுத்த கயிறு உள்ளங்கையில் இரண்டு கோடாகப் பதிந்திருந்தது.

மூன்றாம் நாள் நீங்கள் டெம்போவில் சாமான் ஏற்றிக்கொண்டு கே.ஜி.எஃப்பில் உள்ள உன் மாமா வீட்டுக்குக் கிளம்பியபோது நான் தெரு முனையில் நின்றிருந்தேன். நீ பார்த்தாய் என்றுதான் நினைக்கிறேன்.

பத்தாம் வகுப்பில் உன் இடத்தில் யாரையும் உட்காரவிடவில்லை. பையை வைத்திருக்கிறேன். நம் நோட்டும் என்னிடம்தான் இருக்கிறது. நாளுக்கு ஓர் ஆங்கில வினையடை, அதன் அர்த்தம், உன் வாக்கியம், என் வாக்கியம். அறுபத்து மூன்றில் நின்றிருக்கிறது. அறுபத்து நான்கு உன் முறை.

அன்புடன்,
எலி

*

சாம்பியன் ரீஃப், கே.ஜி.எஃப்.
5.7.2025

எலி,

உன் லெட்டரை முழுசாப் படிச்சேன். அதுல எழுதாம விட்டதையும் சேர்த்து.

போன வாரம் மாமா எங்களை ஒரு வக்கீல்கிட்ட கூட்டிட்டுப் போனார். அவர் ஒரு ஜெராக்ஸை அம்மா முன்னாடி வெச்சார். அப்பா செத்த அன்னைக்கு உங்கப்பா போலீசுக்குக் கொடுத்த ஸ்டேட்மென்ட். கோடு போட்ட தாள், இங்கிலீஷ். கீழே சாமுவேல்னு கையெழுத்து உங்கப்பாவோடது. மேலே இருக்கிற எழுத்து யாரோடதுன்னு வக்கீலுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். உன் ஜே-க்குக் கொக்கி இருக்கும்.

ஆறாவது வரி. மிஸ்டர் ஜெயவேலு வாலன்டரிலி தொட்டிக்குள் இறங்கினார்.

வாலன்டரிலி. நம்ம நோட்டுல நாற்பத்தொன்று. யாரும் கட்டாயப்படுத்தாமல், தன் விருப்பத்தால். அர்த்தத்தை டிக்‌ஷனரி பார்த்து எழுதினது நான்.

அந்த மாதிரித் தொட்டியில ஆளை இறக்கினா இறக்கினவங்க மேல கேஸாம். ஆனா அவரே விரும்பி இறங்கினார்னு கூட இருந்தவரே எழுதிக் கொடுத்துட்டா, இறக்கினவங்கன்னு யாருமே இல்லைன்னு ஆகிடுமாம். வக்கீல் அந்த வார்த்தைக்குக் கீழே பென்சிலால கோடு போட்டார். "இதாம்மா கஷ்டம்" அப்படின்னார். அம்மா என்னைப் பார்த்து, "என்னடி போட்டிருக்கு?" அப்படின்னாங்க. நான்தான் படிச்சுச் சொன்னேன்.

உன்னை ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அந்த வார்த்தையை யார் சொல்லி எழுதினே?

யசோதரா

*

நீலசந்திரா
11.7.2025

அன்புள்ள யசோ,

எழுதியது நான்தான். முதல் கடிதத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். இரண்டு முறை எழுதி, இரண்டு முறையும் கிழித்தேன்.

இந்தத் தெருவில் யாருக்கு ஆங்கிலத்தில் ஒரு தாள் வேண்டுமென்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள் என்பது உனக்குத் தெரியும். கேஸ் கனெக்‌ஷன், லீவ் லெட்டர், ரேஷன் கார்டில் பெயர் மாற்றம். தனக்கோடி அக்காவின் லீவ் லெட்டரில் நான் 'ஹம்பிலி' என்று போட்டதற்கு அவள் முதலாளி எழுந்து நின்று படித்தாராம் என்று நாம் இரண்டு பேரும் எவ்வளவு சிரித்தோம்!

அன்று மாலையும் அப்படித்தான். அப்பாக்களை வேலைக்கு வைத்திருக்கும் ஏஜென்சியின் மேனேஜர் தேசிகன் சார் எங்கள் வீட்டுக்கே வந்து கட்டிலில் உட்கார்ந்தார். "போலீஸ்ல ஒரு பேப்பர் கேக்கறாங்க சாமுவேல். உங்க பொண்ணு நல்லா எழுதுமாமே" என்றார். அப்பா தமிழில் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் எழுதினேன். எழுதி முடித்து அவருக்குத் தமிழில் படித்தும் காட்டினேன். அவருக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

நீ கோபப்படலாம். ஆனால் அந்தச் சொல்லில் எனக்கு அவமரியாதை தெரியவில்லை, யசோ. மரியாதைதான் தெரிந்தது. நாற்றத்துக்கு எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது ஒருவர் முன்வந்து இறங்குகிறார் என்றால் அவர் பெரிய மனிதர்தானே. ஒருவேளை நடந்ததே அதுதானோ என்னவோ. உன் அப்பா யாருக்காவது உதவி என்றால் முதலில் ஓடுகிறவர்தானே? நாமிரண்டு பேரும் அங்கே இல்லை.

எலி

*

சாம்பியன் ரீஃப்
18.7.2025

எலிசபெத்,

நாம அங்கே இல்லை. சரி. ஆனா அம்மாவுக்கு அன்னைக்குக் காலையில ஒம்பது இருபதுக்கு அப்பா போன் பண்ணார். நான் பக்கத்துல உட்கார்ந்து தலை வாரிக்கிட்டு இருந்தேன். ஸ்பீக்கர்ல இருந்தது. "சாமு விடமாட்டேங்கறான் ராதா. மெஷின் வண்டி வராதாம். நான்தான் இறங்கணுமாம். மத்தியானம் மீன் வாங்கிட்டு வரேன், மசாலா அரைச்சு வை." இவ்வளவுதான் பேசினார். அம்மா மசாலா அரைச்சு வெச்சாங்க. அது அம்மியிலேயே காய்ஞ்சு போச்சு.

வக்கீல்கிட்ட சொன்னோம். "பொண்டாட்டி சொல்றது நிக்காதும்மா, பேப்பர்ல வேற மாதிரி இருக்கே" அப்படின்னார்.

இன்னொண்ணு. என் அப்பா லிஃப்ட்ல ஏற மாட்டார். மறந்துட்டியா? போன வருஷம் நீயும் நானும் அந்த அபார்ட்மென்டுக்கு அப்பாங்களோட போனோமே. பதினோராவது மாடியில பைப் ஒழுகுதுன்னு போன் வந்தது. அப்பா டூல்ஸ் பையைத் தூக்கிட்டுப் படியில ஏறினார். "ஏன் அங்கிள், லிஃப்டுக்குக் காசா கேக்கறாங்க?" அப்படின்னு நீதான் கேட்டே. அவர் சிரிச்சுட்டு, "மூடின பொட்டிக்குள்ள நின்னா எனக்கு மூச்சு நிக்குது பாப்பா" அப்படின்னார். நீயும் சிரிச்சே. நானும் சிரிச்சேன்.

அந்த மனுஷன், ரெண்டடி மூடியைத் திறந்துட்டு, விரும்பி இறங்கினாராம்.

நோட்டை எடு. நாற்பத்தொன்றைத் திற. என் வாக்கியம் என்னன்னு படி.

நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். அப்பா சொன்னார், நான் எழுதினேன், தேசிகன் சார் கட்டில்ல உட்கார்ந்தார், எல்லாம் எழுதியிருக்கே. அந்த ஒரு வார்த்தையை யார் சொன்னாங்கன்னு மட்டும் எழுதலை.

யசோதரா

*

நீலசந்திரா
27.7.2025, ஞாயிறு

யசோதரா,

யாரும் சொல்லவில்லை. நானாகத்தான் போட்டேன்.

அப்பா சொன்னது, "ஜெயவேலு தொட்டிக்குள்ள இறங்கினான்" என்பது மட்டும்தான். எழுதிப் பார்த்தேன். வெறும் 'இறங்கினார்' மொட்டையாக இருந்தது. "யாராவது இறங்கச் சொன்னாங்களாப்பா?" என்று கேட்டேன். அப்பா கையில் இருந்த கயிற்றுத் தடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தேசிகன் சார், "எழுதும்மா, எழுது" என்றார். அப்பா பேசாமல் இருந்ததை நான் 'இல்லை' என்று எடுத்துக்கொண்டேன். எனக்குத் தெரிந்த நல்ல சொற்களில் ஒன்றைத் தேடினேன். இராணுவ வீரர், இரத்த தானம் என்று பாடப்புத்தகத்தில் வரும் சொல். உன் அப்பாவுக்கு நான் வைக்கும் மாலை என்று நினைத்துக்கொண்டு போட்டேன். தமிழில் படித்துக் காட்டும்போது 'தானாக முன்வந்து' என்ற இடத்தில் அப்பா என்னைப் பார்த்தார். வாய் திறந்தது. பிறகு கையெழுத்துப் போட்டார். தேசிகன் சார் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "சூப்பர் வேர்ட்மா. எந்த ஸ்கூல்?" என்று கேட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது, யசோ. உன் அப்பா உடல் ஆஸ்பத்திரி பிணவறையில் இருந்தபோது எனக்கு அது பெருமையாக இருந்தது.

உன் கடிதம் வந்த பிறகு அந்தச் சொல் எங்கெல்லாம் வருகிறது என்று கவனிக்க ஆரம்பித்தேன். நம் பள்ளிச் சுற்றறிக்கையில், மாணவர்கள் சனிக்கிழமை வாலன்டரிலி வந்து வளாகத்தைச் சுத்தம் செய்யலாம் என்று இருந்தது. வராதவர்கள் பெயரைத் திங்கட்கிழமை வாசித்து நிற்க வைத்தார்கள். மாடி வீட்டு ரித்விக் அண்ணனை அவர் கம்பெனியில் ஓர் அறைக்குள் கூப்பிட்டு, ஏற்கெனவே அடித்து வைத்திருந்த ராஜினாமாவைக் கொடுத்தார்களாம். அதில் வாலன்டரிலி என்று இருந்ததாம். "பேனாவைக்கூட மூடியைக் கழட்டித்தான் கொடுத்தாங்க" என்றார். அம்மாவின் அக்காவை ஆஸ்பத்திரிச் செலவு கட்டுப்படியாகாமல் வீட்டுக்கு அழைத்து வந்த அன்று கொடுத்த படிவத்திலும் அது இருந்தது. நிஜமாகவே விரும்பிச் செய்கிற எதற்கும் யாரும் அதைப் போடவில்லை. நீ என்னோடு மத்தியானச் சாப்பாட்டைப் பங்கு போட்டாய். எந்தத் தாளிலும் அது இல்லை.

நோட்டையும் திறந்தேன். நாற்பத்தொன்று. என் வாக்கியம்: இராணுவ வீரர் தன் உயிரை வாலன்டரிலி கொடுத்தார். உன் வாக்கியம்: என் அப்பா பதினோரு மாடியும் வாலன்டரிலி படியில் ஏறுவார். பக்கத்தில் நீ ஒரு ஏணி வரைந்து, அதில் ஒரு தொப்பை மனிதரையும் வரைந்திருக்கிறாய்.

வெள்ளிக்கிழமை அப்பா குளிக்கப் போனபோது அவர் போனை எடுத்தேன். அவர்களுக்கு ஒரு வாட்ஸப் குரூப் உண்டு. எந்த வேலைக்கும் முன்னால் ஒரு போட்டோ, முடிந்த பிறகு ஒரு போட்டோ போட வேண்டும். மேலே இருப்பவர், தேசிகன் சாரோ சூப்பர்வைசரான என் அப்பாவோ, எது சொன்னாலும் கட்டைவிரல் போட வேண்டும். போடாவிட்டால் அன்றைக்கு ஆப்சென்ட். ஜூன் எட்டுக்குப் போனேன்.

8.50, தேசிகன் சார்: விழாவுக்கு கெஸ்ட் பதினொன்றுக்கு வருகிறார்கள். லாபி முழுக்க நாற்றம். உடனே சரி செய்யவும்.
9.12, உன் அப்பா: தொட்டியின் போட்டோ. அதோடு அவர் குரல். "சார், மோட்டார்ல அடைப்பு. கேஸ் வாசனை பலமா வருது. மெஷின் வண்டிக்குச் சொல்லுங்க சார்."
9.15, தேசிகன் சார்: சண்டே வண்டி வராது. சாமுவேல் பார்த்துக்கோ.
9.18, என் அப்பாவின் குரல்: "ஜெயவேலு, கயிறு கொண்டாறேன். இறங்கிடு. பத்து நிமிஷ வேலைப்பா."
9.21, உன் அப்பா: கட்டைவிரல்.

வேலைக்கு முந்தைய போட்டோ இருக்கிறது. முடிந்த பிறகு எடுக்கும் போட்டோ இல்லை.

அப்பா தலையைத் துவட்டிக்கொண்டு வந்து பின்னால் நின்றதை நான் கவனிக்கவில்லை.

"அதை ஏன் எடுத்தே?"

"நீங்கதான் இறங்கச் சொன்னீங்களாப்பா?"

"நான் சொல்லலைன்னா என்னை அனுப்பிட்டு வேற ஒருத்தனை வெச்சுச் சொல்ல வெப்பாங்க."

"அப்போ ஏன் நான் எழுதும்போது சொல்லலை?"

"நீ எழுதிட்டியே" என்றார். "நீ படிச்சவ. நீ எழுதினதைக் கேட்டப்போ, அப்படித்தான் நடந்துச்சோன்னு எனக்கே தோணுச்சு."

குரூப்பை அழிக்கச் சொல்லித் தேசிகன் சார் ஜூன் மாதமே சொல்லியிருக்கிறார். மற்ற எல்லோரும் அழித்துவிட்டார்கள். நீங்கள் ஏன் அழிக்கவில்லை என்று கேட்டேன். "அதுல அவன் குரல் இருக்கு" என்றார்.

இதெல்லாம் உன் வக்கீலுக்குப் போதும் என்று எனக்குத் தெரிகிறது. நான் ஒரு தாள் எழுதிக் கொடுத்தால் போதும். கொடுத்தால் அப்பா உள்ளே போவார். தேசிகன் சார் போவாரா என்று தெரியவில்லை. அம்மா காலில் வெரிகோஸ் நரம்போடு நான்கு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாள். இதையெல்லாம் உன்னிடம் சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது? ஆனாலும் கேட்கிறேன். எனக்கு இரண்டு வாரம் கொடு.

எலிசபெத்

*

சாம்பியன் ரீஃப்
9.8.2025

எலிசபெத்,

உன் லெட்டர் முப்பத்தொண்ணாம் தேதி வந்தது. தேசிகன் இருபத்தொன்பதாம் தேதி வந்தான்.

கார்ல வந்தான். ஆப்பிள், ஹார்லிக்ஸ் எல்லாம் வாங்கிட்டு வந்தான், ஆஸ்பத்திரிக்கு வர்ற மாதிரி. மாமா வேலைக்குப் போயிருந்தார். காலை ரயிலுக்குப் போனா ராத்திரிதான் திரும்புவார். அதைத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் வந்திருப்பான். அம்மாவுக்கு ஏஜென்சியிலயே வேலையாம், ஒயிட்ஃபீல்டுல வேற ஒரு அபார்ட்மென்ட். தங்க ரூம் தருவாங்களாம். நஷ்டஈடு கொஞ்சம். அதுக்கு ஒரு பேப்பர்ல கையெழுத்து.

அம்மா பேப்பரை என்கிட்ட நீட்டினாங்க. "படிச்சுச் சொல்லு பாப்பா."

படிச்சேன். எங்களுக்கு யார் மேலயும் புகார் இல்லை, இனிமே எதுவும் கேக்க மாட்டோம்னு இருந்தது. கடைசி வரியில அது இருந்தது. டைப் பண்ணி, அழகா. மேற்படி ராதா இதை வாலன்டரிலி ஒப்புக்கொள்கிறார்.

"அது என்னடி, அந்தப் பேப்பர்ல இருந்ததுதானே?" அப்படின்னு அம்மா கேட்டாங்க. எழுத்து ஒண்ணுமே தெரியாது, ஆனா அந்த வார்த்தையோட நீளத்தைப் பார்த்தே கண்டுபிடிச்சுட்டாங்க.

"ஆமாம்மா. யாரும் கட்டாயப்படுத்தாம, நீங்களே விரும்பி."

அம்மா சிரிச்சாங்க. அப்பா செத்ததுக்கு அப்புறம் அன்னைக்குத்தான் முதல் தடவை. வீட்டுல அரிசி இருந்த டப்பாவைப் பார்த்தாங்க, என்னைப் பார்த்தாங்க, பேனாவை வாங்கினாங்க. போடாதேன்னு நான் சொல்லலை. அதை நீ தெரிஞ்சுக்கணும். நானும் ஒரு பேப்பரைப் படிச்சுட்டுச் சும்மா இருந்தவதான்.

போலீஸ் கேஸ் வேறயாம். நாங்க கையெழுத்து போட்டாலும் அது இருக்குமாம். ஆனா சாட்சி சொல்ல ஆள் இல்லைன்னா தூங்கிடும்னு வக்கீல் சொல்றார். மாமா எங்ககூடப் பேசறதில்லை. அடுத்த மாசம் ஒயிட்ஃபீல்டுக்குப் போறோம். ஸ்கூல் எதுன்னு தெரியாது.

நீ தாள் எழுதினாலும் எழுதலைன்னாலும் இனிமே எங்களுக்கு ஒண்ணும் ஆகப்போறதில்லை. உங்கப்பா உன்னோட இருக்கட்டும். ரெண்டு பேருக்கும் அப்பா இல்லாம ஆகி என்ன ஆகப்போகுது.

இனிமே எழுதாதே.

யசோதரா

*

நீலசந்திரா
17.8.2025, ஞாயிறு

யசோ,

எழுதாதே என்றாய். இது ஒன்று மட்டும்.

புதன்கிழமை தாள் எழுதினேன். இந்த முறை தமிழில், அப்பாவால் படிக்க முடிகிற மாதிரி பெரிய எழுத்தில். ஜூன் எட்டாம் தேதி கொடுத்த தாளில் உள்ள அந்தச் சொல் என்னுடையது, என் அப்பா அதைச் சொல்லவில்லை என்று எழுதினேன். குரூப்பில் இருந்ததை நேரத்தோடு வரிசையாக எழுதினேன். உன் அப்பா லிஃப்டில் ஏற மாட்டார் என்பதையும் எழுதினேன். ஒரு அலங்காரச் சொல்கூடப் போடவில்லை. முடித்து, மடித்து, அப்பாவின் டிபன் டப்பாவுக்கு அடியில் வைத்தேன். உன் கடிதத்தையும் அதோடு வைத்தேன்.

வியாழன் மாலை டப்பா திரும்பி வந்தது. சாப்பாடு அப்படியே இருந்தது. வெள்ளிக்கிழமை அபார்ட்மென்டில் கொடியேற்றம். அப்பா போய் நாற்காலி போட்டுவிட்டு வந்தார். வந்ததும் லாயிட் அங்கிள் கடைக்குப் போய்த் தாளை மூன்று ஜெராக்ஸ் எடுத்தாராம். "உன் அப்பன் எண்ணி எண்ணிப் பார்த்தான்மா, ஏதோ நோட்டுக்கட்டு மாதிரி" என்று அங்கிள் சொன்னார்.

நேற்று காலை வெள்ளைச் சட்டை போட்டார். ஈஸ்டருக்குப் போடும் சட்டை. அம்மா விஷயம் புரிந்து கையைப் பிடித்தாள்.

"பைத்தியமா உனக்கு? அவங்களே கையெழுத்து போட்டுக் குடுத்துட்டாங்க. முடிஞ்சு போச்சு."

"இந்த நாத்தம் மூக்கை விட்டுப் போகமாட்டேங்குது மேரி."

"சோப்பு போட்டுக் குளி."

"போட்டாச்சு" என்றார்.

நானும் கூடப் போனேன். அவர் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. அபார்ட்மென்டுக்குப் பக்கத்து ஸ்டேஷனுக்குத்தான், எலெக்ட்ரானிக் சிட்டி வரை பஸ்ஸில் போனோம். இறங்கியதும் எனக்கு ஒரு பாதாம் பால் வாங்கிக் கொடுத்தார்.

ஸ்டேஷனில் போனைக் கொடுத்தார். உன் அப்பாவின் குரலை மூன்று முறை போட்டுக் கேட்டார்கள். பிறகு என் அப்பாவின் குரலை. தன் குரல் வந்தபோது அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டார். எல்லாவற்றையும் எழுதிய போலீஸ்காரர் கடைசியில் பேனாவை நிறுத்தி, கன்னடத்தில், யாராவது கட்டாயப்படுத்தி இதைச் சொல்ல வைத்தார்களா என்று கேட்டார். அதைக் கேட்டு எழுத வேண்டும் என்பது அவர்கள் வழக்கமாம். நான் கதவோரம் நின்றிருந்தேன். அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார் என்று எனக்குத் தோன்றியது.

"இல்ல சார்" என்றார். "நானேதான் வந்தேன்."

என்னை மட்டும் அனுப்பிவிட்டு அவரை அங்கேயே வைத்துக்கொண்டார்கள். அவர் இன்னும் வீட்டுக்கு வரவில்லை. அம்மா என்னோடு பேசவில்லை. காலையிலிருந்து கேட் பக்கமே உட்கார்ந்திருக்கிறாள். தேசிகன் சார் பக்கத்து வீட்டு நம்பருக்குப் போன் செய்தார். "உங்க வீட்டுக்காரர் தானா போய் எதையோ உளறினா அதுக்குக் கம்பெனி பொறுப்பு இல்லைம்மா" என்று அம்மாவிடம் சொன்னார்.

நோட்டை இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன். மீதிப் பக்கங்கள் உன்னுடையவை. நாற்பத்தொன்றில் என் வாக்கியத்தை அடித்துவிட்டேன். உன் வாக்கியமும் ஏணியில் ஏறும் உன் அப்பாவும் அப்படியே இருக்கிறார்கள்.

அடித்த இடத்தில் புதிதாக ஒன்று எழுதத்தான் உட்கார்ந்தேன். என் அப்பா அவராகவே போனார் என்று. அந்தச் சொல்லைப் போட்டு, ஒரே வரியில். அவரும் ஸ்டேஷனில் அப்படித்தான் சொன்னார், அவர்களும் அப்படித்தான் எழுதிக்கொண்டார்கள்.

ஆனால் தாளை டிபன் டப்பாவுக்கு அடியில் வைத்தது நான். அதனால் எழுதவில்லை.

எலிசபெத்